எடுக்கக் கூடாத மிஸ் கால்

என் மகன் யு.கே.ஜி. படித்த வருடம், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என் செல்போன் ஒரே ஒரு தடவை அடித்து அடங்கும். அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவனுடைய மிஸ்ஸுக்குக் காசு போய்விடும். அந்த ஒற்றை ரிங்குக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்: பிள்ளைக்கு நெற்றி சுடவில்லை.

இப்படி ஓர் ஏற்பாடு எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்ததுண்டு. ஆனால் அது ரிங் வந்த பிறகுதான் வரும்.

அவனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்தது. காலையில் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தவன் மத்தியானம் லேசாகச் சூடாக இருந்தான். பல் முளைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது கண்கள் மேலே சொருகியிருந்தன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவனைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே மாடிப்படியில் இறங்கினேன். கீழ்வீட்டு அக்கா ஓடிவந்து தன் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஆட்டோ வருவதற்குள் அதுவாகவே நின்றுவிட்டது. சாவியால்தான் நின்றது என்று அக்கா இன்றைக்கும் சொல்வார்.

பம்மலில் நாங்கள் பார்க்கும் டாக்டர் நிதானமானவர். "காய்ச்சல் விறுவிறுன்னு ஏறும்போது சில குழந்தைங்களுக்கு இப்படி வரும். அஞ்சு ஆறு வயசுல தானா நின்னுடும். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதுவும் வைக்காதீங்க. சாவியெல்லாம் வேணாம். முக்கியமா பயப்படாதீங்க" என்றார். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் என்னால் முடிந்தது.

மூன்று வயதில் இன்னொரு முறை வந்தது. அப்போதும் காய்ச்சல் இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்பே வந்துவிட்டது. அதுதான் என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மருந்து கொடுத்திருக்கலாம். ஆகவே தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கார்ட்டூன் பார்க்கும்போதும் என் புறங்கை அவன் நெற்றியில் இருக்கும். "அந்த இடத்துல முடியே முளைக்காது பாரு" என்பார் என் கணவர்.

எல்.கே.ஜி.யில் அரை நாள்தான் பள்ளி. யு.கே.ஜி.யில் முழு நாள். காலையில் வேனில் ஏற்றிவிட்டால் சாயங்காலம்தான் என் கைக்கு வருவான். ஸ்கூல் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கு அதே நினைப்புதான். அவன் அங்கே டெஸ்கில் தலை வைத்துப் படுத்திருப்பான், தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிடுவார்கள், அப்புறம்...

முதல் நாளே அவனுடைய மிஸ்ஸைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அனகாபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். என்னைவிட வயது குறைவு. காய்ச்சல் சிரப்பு பாட்டிலை அளவுமூடியோடு கையில் கொடுத்தேன். அவள் பள்ளிக்குப் புது என்பதால், இந்தம்மா என்ன இப்படிப் படுத்துகிறாள் என்று அவள் நினைத்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. நான் பேசி முடித்ததும், "ஒண்ணு பண்ணலாம் மேடம். தெனமும் சாப்பாட்டு டைம்ல நான் தொட்டுப் பார்த்துட்டு உங்களுக்கு ஒரு மிஸ் கால் குடுத்துடறேன். வந்துச்சுன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். போதுமா?" என்றாள்.

அப்போதெல்லாம் மிஸ் காலில் பேசாதவர்கள் எங்கள் பொழிச்சலூரில் யார்? மிஸ்டு கால் என்று சரியாகச் சொன்னவர்கள்கூடக் கிடையாது. எல்லாருக்கும் மிஸ் கால்தான். என் கணவர் திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கூட்டாளியோடு சேர்ந்து லேத் பட்டறை வைத்திருந்தார். ராத்திரி அவரிடமிருந்து ஒரு ரிங் வந்தால் கிளம்பிவிட்டார், தோசைக்கல்லைப் போடலாம். இரண்டு வந்தால் மிஷின் மல்லுக்கட்டுகிறது, நீ சாப்பிடு. தண்ணீர் லாரி வந்தால் தெருமுனை வீட்டிலிருந்து ஒரு ரிங். அதனால் மிஸ் சொன்னது எனக்குப் புதுமையாகப் படவில்லை. பெரிய உதவியாகத்தான் பட்டது. அதற்கு முந்தைய ரம்ஜானுக்கு என் கணவர் வாங்கிக்கொடுத்த போன் அதுவரை பெரும்பாலும் அலமாரியில்தான் இருந்தது. மறுநாளிலிருந்து என் கையைவிட்டு இறங்கவில்லை. ஏர்போர்ட் பக்கத்தில் என்பதால் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து இறங்கும். ஒன்று கடந்து போகும்போது எதிரில் நிற்பவரின் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. ரிங் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று, சாப்பாட்டு வேளை நெருங்கும்போது போனைக் கையிலேயே வைத்துக்கொள்வேன். அதிரும் இல்லையா.

ரிங் வரும். "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

இது எங்கள் இருவருக்குள் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. வேனுக்காகக் காத்திருக்கும்போது ஒரு நாள் நான்தான் பெருமையாகச் சொல்லிவிட்டேனா, பையன் சொன்னானா, நினைவில்லை. கூட நிற்கும் அம்மாக்களில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா மிஸ் கால் வருதாமே?"

"அவனுக்கு அந்தக் காய்ச்சல் பிரச்சினை..."

"எங்க வீட்டு மகாராணிக்கு மட்டும் என்ன? முட்டைய அப்படியே வச்சு எடுத்துட்டு வர்றா. சாப்பிட்டா ஒண்ணு, சாப்பிடலன்னா ரெண்டுன்னு நானும் மிஸ்கிட்ட சொல்லிடறேன்."

அப்படிப் பரவியது. ஒருத்திக்கு முட்டை. இன்னொருத்திக்கு மகன் டிரெஸ்ஸிலேயே ஒன்றுக்குப் போகாமல் இருந்தானா என்று தெரிய வேண்டும். வேன் பத்திரமாக வந்து சேர்ந்ததா என்பது ஓர் அப்பாவின் கவலை. அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரு கையில் சோற்றுக் கரண்டியும் ஒரு கையில் போனுமாக அலைந்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. என்னுடையதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். வேனைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

முடித்துவைத்தது ஓர் ஐந்து வயதுப் பெண். மிஸ் சாப்பாட்டு வேளையில் ஒரு குழந்தைக்குக் கை கழுவிவிடப் போயிருந்தாள். மேஜைமேல் போன் அடித்தது. முன்பெஞ்சுப் பெண் எடுத்துவிட்டாள். மறுமுனையில் பள்ளியின் கரஸ்பாண்டென்ட்.

"யார்மா பேசறது? மிஸ் எங்க?"

"மிஸ் பிஸியா இருக்காங்க அங்கிள். எல்லாருக்கும் மிஸ் கால் குடுக்கணும். நீங்களும் ஒரு மிஸ் கால் குடுத்துட்டு வச்சிடுங்க."

இதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வாரக் கடைசியில் பெற்றோர் கூட்டம் என்று டைரியில் எழுதி வந்தது.

தலைமையாசிரியை ஐம்பதைத் தாண்டியவர். மைக் தேவைப்படாத குரல். சுற்றி வளைக்கவில்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து டீச்சர்ஸ் எல்லாரும் காலைல வந்ததும் போனை ஆஃப் பண்ணி என் ரூம் பீரோல வச்சிடணும். கடைசி பெல் அடிச்சாதான் திரும்பக் கிடைக்கும். என் போனும் அதே பீரோலதான். பேரண்ட்ஸ், நீங்களும் காம்பவுண்டுக்குள்ள வந்தா போன் பேசக் கூடாது. அவசரம்னா ஆஃபீஸ் லேண்ட்லைன் இருக்கு."

முட்டை அம்மா எழுந்தாள். "அப்போ என் பொண்ணு சாப்பிட்டாளா இல்லையான்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?"

"டிபன் பாக்ஸைத் தெறந்து பாருங்க, தெரியும்."

"ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்டு காலி பண்ணிட்டேன்னு சொல்லுவா மேடம்!"

"அப்போ அந்த ஃப்ரெண்டு குண்டாயிட்டாளான்னு பாருங்க."

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஓர் அப்பா, "உலகமே முன்னாடி போய்க்கிட்டிருக்கு. நீங்க என்னமோ பின்னாடி போறீங்களே மேடம்" என்றார்.

"உலகம் போகட்டும் சார். உங்க பையன் இன்னும் பி-யையும் டி-யையும் மாத்தித்தான் போடறான். மிஸ் அவனைப் பார்க்கணுமா, போனைப் பார்க்கணுமா? நீங்களே சொல்லுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கமில்லை. காலேஜில் செமினார் எடுக்கும்போதுகூடக் குரல் போய்விடும். ஆனால் நான் கேட்காமல் வீட்டுக்குப் போனால் இரவெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருப்பேன் என்று தெரியும். எழுந்தேன்.

"மேடம், என் பையனுக்குக் காய்ச்சல் வந்தா ஃபிட்ஸ் வரும். மிஸ் தெனமும் தொட்டுப் பார்த்து ரிங் குடுப்பாங்க. அதுக்கு மட்டும்..."

"எனக்குத் தெரியும்மா. டீச்சர் சொல்லியிருக்காங்க." குரலை இறக்கினார். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்ககிட்ட செல்போன் இருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"அப்போ எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?"

அப்போது அவன் வீட்டில் இருந்தான், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான் என்று சொல்லியிருக்கலாம். அது வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் தோன்றியது.

"உங்களுக்கு ஒருத்தருக்குன்னு விட்டா நாளைக்கு எல்லாரும் ஒரு காரணம் சொல்வாங்க. டீச்சர் தொட்டுப் பார்க்கறதை நிறுத்த மாட்டாங்க. ரிங்தான் வராது. இன்னொரு சிரப்பு பாட்டில் என் ரூம்லயும் வச்சிட்டுப் போங்க. ஏதாவதுன்னா நானே உங்களைக் கூப்பிடறேன்."

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? வகுப்பில் போன் இருக்கக் கூடாது என்பது எனக்கும் சரியாகத்தான் பட்டது. மற்ற அம்மாக்கள் சேர்ந்து இதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம் என்று பேசியபோது நான் நழுவி வந்துவிட்டேன். அந்த மிஸ் கால் எக்ஸ்சேஞ்சுக்கு முதல் கனெக்‌ஷன் என்னுடையதுதானே. எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது? போடாமல் வந்ததும் தவறோ என்று அதையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு விமானம் போனது, இன்னொன்று போனது. அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இதுவரை சத்தம் வந்தால் நிம்மதி, வராவிட்டால் பயம். இனிமேல் தலைகீழ். லேண்ட்லைனில் கூப்பிட்டு உங்கள் மகன் நன்றாக இருக்கிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே போன் அடிக்காமல் இருப்பதுதான் நல்ல செய்தி. மூளைக்கு இது புரிகிறது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. பகலில் எந்த போன் வந்தாலும் ஸ்கூல்தான் என்று தோன்றியது. ஒருநாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால், காலர் டியூன் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பதிவுசெய்த குரல். "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று அதனிடம் சண்டை போட்டேன். அது பாட்டை மாற்ற ஒன்றை அழுத்தச் சொன்னது.

அந்த வாரம் அவன் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக அவன் தலையைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் கர்சீப் இல்லை என்று போனேன். அதற்கு அடுத்த நாள் ஸ்வெட்டர். வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறக்கவே இல்லை.

"இன்னாம்மா, இந்த வெயில்ல ஸ்வெட்டரா? ஊட்டிக்கா இட்டுகினு போறாங்க?"

"இல்லண்ணா, ஒரு வேளை குளிருச்சுன்னா..."

"பையன் சோக்கா கீறான். இப்பத்தான் சறுக்கு மரத்துல தலைகீழா வந்துகினு இருந்தான். நீ வூட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்டும்மா. தெனமும் இப்டி வந்தியானா ஹெச்.எம். அம்மா என்னைய பீரோல வச்சிப் பூட்டிரும்."

சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். தெருமுனை தாண்டியதும், தலைகீழாகவா வந்தான் என்று கவலை பிடித்தது.

ராத்திரி இதை என் கணவரிடம் சொன்னபோது, "நீ பேசாம ஸ்கூல் வாசல்ல ஒரு இட்லிக் கடை போட்டுடு. வருமானமும் ஆச்சு, பையனையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும்தான் பயமா இருக்கு. மிஷினை ஓட்டிக்கிட்டு யோசிச்சா விரல் போயிடும், அதனால யோசிக்கறதில்ல" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் பிள்ளை வேறொரு கணக்கு வைத்திருந்தான். அது எனக்குத் தெரியவந்தது ஒரு சாயங்காலம். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அம்மா, இன்னிக்கி நான் அடிச்சேனே, வந்துச்சா?"

"என்னடா அடிச்ச?"

"மிஸ் கால்."

"யார் போன்லேர்ந்து?"

என்னை ஒன்றும் தெரியாதவள் போலப் பார்த்தான். உள்ளங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து அழுத்தினான். "இதுலதான். மிஸ் இங்க அமுக்குவாங்கல்ல? அப்போ உனக்கு அடிக்கும்ல? இனிமே மிஸ் அடிக்க மாட்டாங்களாம், சும்மா தொட்டுத்தான் பார்ப்பாங்களாம். அதனால நானே அடிக்கறேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வகுப்பில் மிஸ் முதலில் அவன் நெற்றியைத் தொடுவாள், பிறகு திரும்பி நின்று போனை அழுத்துவாள். அவன் பார்த்தது முதல் பாதியைத்தான். அவனைப் பொறுத்தவரை மிஸ் கால் என்பது மிஸ் அடிக்கிற கால். அதற்கான பட்டன் அவன் நெற்றியில் இருந்தது. அதை அழுத்தினால் பொழிச்சலூரில் அம்மாவின் கையில் மணி அடிக்கும்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான் முறை. இப்படி இல்லை கண்ணா, போன் என்பது இப்படி வேலை செய்யும் என்று. நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்தவள். வாயைத் திறந்தேன். அவன் முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு.

"வந்துச்சுடா" என்றேன்.

"ஒரு ரிங்கா?"

"ஒரே ரிங்."

"எடுக்கலல்ல?"

"எடுக்கல."

திருப்தியாக விளையாடப் போய்விட்டான். நான் அன்று முழுவதும் பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேனே என்று மருகினேன். மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் வேனிலிருந்து இறங்கும்போதே, "இன்னிக்கி ரெண்டு தடவ அடிச்சேன், இன்டர்வெல்லயும் அடிச்சேன்" என்று கத்திக்கொண்டு வந்தான். "ரெண்டும் வந்துச்சு" என்றேன். அப்புறம் இது தினப்படி ஆகிவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவன் இன்டர்வெல் நேரம் எனக்கும் தெரியும் அல்லவா, அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது அமுக்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். ஒன்றும் வராது. ஆனாலும் கொஞ்சம் வந்த மாதிரி இருக்கும்.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை அவனுக்கு மூக்கு லேசாக ஒழுகியது. நெற்றியைத் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. கழுத்தைத் தொட்டேன். அங்கேயும் சூடில்லை. அனுப்புவதா வேண்டாமா என்று சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "மூக்கு ஒழுகினதுக்கெல்லாம் லீவு போட்டா மழைக்காலம் முழுக்க வீட்லதான் இருக்கணும்" என்றார் என் கணவர், அவன் அத்தா. அதுவும் சரிதான் என்று அனுப்பினேன். வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அனுப்பியிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

சாப்பாட்டு வேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஒரு ரிங்கில் நிற்கவில்லை. ஈரக் கையோடு பார்த்தேன். திரையில் ஸ்கூல் என்று இருந்தது.

எடுத்தேன். "உங்க பையன்" என்று தலைமையாசிரியையின் குரல் தொடங்கியது. சரியாக அந்த நேரத்தில் ஒரு விமானம் வீட்டின் மேல் தாழப் பறந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அவர் பேசிக்கொண்டே இருப்பது தெரிகிறது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. "மேடம், மேடம்" என்று நான் கத்தினேன். விமானங்கள் இறங்கும் வீட்டில்தான் நான்கு வருடமாக இருந்தேன். ஒரு விமானம் கடந்துபோக இவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"...ஒண்ணும் இல்ல, கேக்குதா? ஒண்ணும் ஆகல. ஃபிட்ஸ் வரல. காய்ச்சல் மட்டும்தான். மருந்து குடுத்தாச்சு. நிதானமா வாங்க."

நிதானமாக எப்படிப் போவது? என் கணவருக்கு அடித்தேன், லேத் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கீழ்வீட்டு அக்கா ஆட்டோவைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து என் கைப்பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாட்ச்மேன் அண்ணன் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

தலைமையாசிரியை அறையில் பெஞ்சில் படுத்திருந்தான். நெற்றியில் ஈரத்துணி. பக்கத்தில் மிஸ் உட்கார்ந்து அவன் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவன் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. கண் திறந்து பார்த்தான், மூடிக்கொண்டான். வெட்டவில்லை, இழுக்கவில்லை. வெறும் காய்ச்சலில் இருக்கும் ஒரு பிள்ளை.

"நான் மத்தியானம்தான் மேடம் தொட்டுப் பார்ப்பேன்" என்றாள் மிஸ். "இவன் இன்டர்வெல்லயே எங்கிட்ட வந்து நிக்கறான். 'மிஸ், ரிங் போகல'ன்றான். எனக்கு ஒண்ணும் புரியல. என்ன ரிங்குடான்னு கேட்டேன். நெத்தியைத் தொட்டுக் காட்டறான். 'இங்க சூடா இருக்கு. அம்மாவுக்குப் போகல. நீங்க அடிச்சுப் பாருங்க'ன்றான். கை வச்சு பார்த்தா கொதிக்குது. காலைல ரைம்ஸ் சொல்லும்போதுகூட நல்லாத்தான் மேடம் இருந்தான்."

அவளுக்கு நான் அந்த நெற்றிப் பட்டன் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி, அழுதுவிட்டாள். தலைமையாசிரியை மேஜைக்கு அந்தப் பக்கம் ஏதோ பேப்பரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். பீரோவின் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

பம்மல் டாக்டரிடம் நேராகப் போனோம். மிஸ் சீக்கிரம் மருந்து கொடுத்ததால்தான் ஃபிட்ஸ் வரவில்லையா என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. "அப்படிச் சொல்ல முடியாதும்மா. மருந்து குடுத்தும் வர்ற குழந்தைங்க உண்டு, குடுக்காமலே வராத குழந்தைங்களும் உண்டு. இவனுக்கு வயசும் ஏறுதுல்ல" என்றார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே, "ஆனா தனக்கு உடம்பு சரியில்லன்னு தானே போய்ச் சொல்லியிருக்கான் பாருங்க. அதைவிட நல்ல மருந்து எங்கிட்ட கிடையாது" என்றார்.

போன் பீரோவில் இருந்தது நல்லதா கெட்டதா என்று அந்த வருடம் முழுக்க யோசித்தேன். போன் இருந்திருந்தால் அவன் மிஸ்ஸையே நம்பியிருப்பான், தானாகப் போய்ச் சொல்லியிருக்க மாட்டான். இது ஒரு பக்கம். தலைமையாசிரியை கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தால்? லேண்ட்லைன் மழையில் செத்திருந்தால்? இது இன்னொரு பக்கம். இப்போது அவன் மூன்றாம் வகுப்பு. அப்புறம் அவனுக்கு அது வரவே இல்லை. விதி இன்னும் அப்படியே இருக்கிறது, என் யோசனையும் முடிந்தபாடில்லை.

அன்று டாக்டரிடமிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். மழை தூறியது. டிரைவர் பக்கவாட்டுத் திரையை இறக்கிவிட்டார். அவன் என் மடியில் சுருண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் வியர்க்கத் தொடங்கியிருந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்தபோது கேட்டான்.

"அம்மா, இன்னிக்கி நான் அடிச்சது போகலல்ல?"

"போகலடா. அப்புறம் ஹெச்.எம். மேடம் அடிச்சாங்க."

"நீ எடுத்தியா?"

"எடுத்தேன்."

மிஸ் கால் விஷயத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தக் காய்ச்சலிலும் கண்களில் கண்டிப்பு இருந்தது.

"எடுக்கக் கூடாதுல்ல? அவங்களுக்குக் காசு போயிடும்ல?"

"இன்னிக்கி எடுக்கலாம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். சரி என்று பட்டிருக்க வேண்டும். என் கையை இழுத்துத் தன் நெற்றிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.